மார்கழி மாப்பிள்ளை

பலெர்மோவில் என் வீட்டுத் தெருக்கதவில் என் மாமனாரின் பெயர் ஒட்டியிருக்கிறது. அவர் தன் வாழ்நாளில் கிளிநொச்சியில் இருந்து ஆகத் தூரம் போனது கொழும்புக்குத்தான். இந்த நகரத்தில் ஒவ்வொரு கட்டிடத்தின் வாசலிலும் ஒரு பித்தளைத் தட்டு இருக்கும். அதில் வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொரு பொத்தானுக்கும் எதிரே அந்த வீட்டில் இருப்பவர்களின் குடும்பப் பெயர். சீத்தோஃபோனோ என்று இதற்குப் பெயர்; பொத்தானை அமுக்கினால் மேலே மணி அடிக்கும், வீட்டில் இருப்பவர் தட்டின் வழியாகவே யார் என்று கேட்பார். தட்டில் உங்கள் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். குடியிருப்பைப் பார்த்து உறுதிசெய்ய வரும் நகரசபைக்காரர் இப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். நீங்கள் மூன்றாம் மாடி யன்னலில் நின்று கையை ஆட்டினாலும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஊரில் கேற்றடியில் நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டால் நாயாவது வந்து யார் என்று பார்க்கும்.

இத்தாலியப் பெண்கள் கல்யாணம் முடித்த பிறகும் தகப்பன் வழிப் பெயரையே வைத்திருப்பார்கள். அதனால் கணவனும் மனைவியும் இருக்கிற வீட்டுப் பொத்தானுக்கு எதிரே இரண்டு பெயர் இருக்கும். என் பொத்தானிலும் அப்படித்தான். மேலே என் தகப்பனாரின் பெயர், கீழே என் மனைவி தர்சினியின் தகப்பனாரின் பெயர்: சிவபாதம். கீழ்வீட்டு மூதாட்டிக்கு என் தகப்பனாரின் பெயரை உச்சரிக்க வராது. காலையில் படியில் கண்டால் "போன்ஜோர்னோ, சின்யோர் சிவபாதம்" என்று என்னை மாமாவாகவே ஆக்கிவிடுவார். முதலில் எனக்கு அது நல்ல பகிடியாக இருந்தது. தர்சினிக்குப் போனில் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் வயிறு எரிகிறது. ஏன் எரிகிறது என்பதை ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல இங்கே வரிசையில் நிற்பவர்களும் அறிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போர் முடிந்து கொஞ்சக் காலத்தில் நான் இந்த ஊருக்கு வந்தேன். லிபெர்த்தா என்ற வசதியானவர்களின் பகுதியில் ஒரு வீட்டில் சமையலும் துப்புரவும் என் வேலை. வீட்டுக்காரியைச் சின்யோரா என்றுதான் கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எனக்குப் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்கும் அனுமதி, கிடைக்கக் கையெழுத்து வைத்தவர் அவர்தான். நன்றி இல்லாமல் பேசக் கூடாது. கோடையில் அந்தக் குடும்பம் மொண்டெல்லோக் கடற்கரை வீட்டுக்கு இடம்மாறும், நானும் கூடவே போவேன். அந்த மாதங்களில் பிள்ளை, பேரப்பிள்ளை, விருந்தாளி என்று வீடு நிறைந்து வழியும். லீவு என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, அவர்கள் மகளிடம் மிலானோவுக்குப் போகும்போதுதான் எனக்கு விடுமுறை. ஜனவரியில் பண்டிகைகள் முடிந்த கையோடு திரும்பி வருவார்கள். வரும்போது தரை துடைத்திருக்க வேண்டும், அடுப்பில் தக்காளிச் சோஸ் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு இதில் உள்ள சிக்கல் இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு ஊருக்குப் போகக் கிடைப்பது மார்கழி மட்டும். மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. தை பிறந்தால்தான் மேளம் கொட்டும், தை பிறக்கச் சரியாக ஒரு கிழமை இருக்கும்போது நான் பிளேனில் இருப்பேன். சின்யோராவின் நாட்காட்டியும் எங்கள் சாத்திரியாரின் பஞ்சாங்கமும் கூடிப் பேசி என்னைக் கவிழ்க்க முடிவெடுத்தது போல இருந்தது. தர்சினியின் படம் வந்து, சாதகம் பொருந்தி, நான் முதன்முறை பெண் பார்க்கப் போனதும் ஒரு மார்கழியில்தான். எனக்கு அவளைப் பிடித்தது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பெண். இத்தாலியில் என்ன வேலை என்று கேட்டாள். ஹோட்டலில் மனேஜர் என்று சொல்லும்படி அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நான் வீட்டு வேலை என்றேன். "சமைப்பீங்களோ? அப்ப எனக்குச் சுகம்" என்று அவள் சிரித்தாள்.

மாமா சிவபாதம் கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார். அவர்தான் வழி சொன்னார். "எழுத்தை இப்ப முடிப்பம் தம்பி. அதுக்கு நாள் கோள் தேவையில்லை. நீர் அங்கை போய்க் கூப்பிடுற அலுவலைப் பாரும். விசா கையில வந்த உடனை ஒரு நல்ல நாளில மண்டபம் எடுத்துத் தாலியைக் கட்டுவம். அடுத்த கிழமை ரெண்டு பேரும் பிளேன் ஏறலாம்." எழுத்து என்றால் பதிவுத் திருமணம். வெளிநாட்டு மாப்பிள்ளைமாருக்கு எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். சாத்திரியாரும் சம்மதித்தார். அரசாங்கத்தின் அலுவலில் கிரகங்கள் தலையிடுவதில்லை என்பது அவர் எண்ணம் போலும். பதிவாளர் வீட்டுக்கே வந்தார், நாங்கள் கையெழுத்துப் போட்டோம், கேக் வெட்டினோம், சாப்பிட்டோம். பின்னேரம் நான் என் அம்மாவோடு எங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற என் மனைவியிடம் "போயிட்டு வாறன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சட்டத்துக்கு நாங்கள் கணவன் மனைவி. ஊருக்கு நான் இன்னும் வரப்போகிற மாப்பிள்ளை.

பலெர்மோவுக்குத் திரும்பியதும் செல்வண்ணையைப் பிடித்தேன். அவர் யாழ்ப்பாணத்தவர், ஒரு கட்டிடத்தில் வாசல் காவல் வேலை, எங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பேப்பர் வேலை பார்த்துக் கொடுத்தவர். "பயப்பிடாதை. சட்டப்படி சில மாசம்தான்" என்றார். அதையே நான் மாமாவுக்குப் போனில் வாக்காகச் சொன்னேன். குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமானால் முதலில் வீடு தகுதியாக இருக்க வேண்டும். வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் நாலைந்து பெடியளோடு இருந்த அறையை விட்டு, இப்போதுள்ள இரண்டறை வீட்டுக்கு மாறினேன். நகரசபையில் இருந்து ஒருவர் வந்து சுவரை அளந்தார், கூரை உயரத்தை அளந்தார், யன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். இரட்டைக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தேன், அதைக் கண்டு திருப்தியாகத் தலையசைத்தார். பெயர் ஒட்டச் சொன்னதும் செல்வண்ணைதான். "அந்தப் பிள்ளையின்ரை பெயரையும் இப்பவே போடடாப்பா. நாளைக்கு ஏதும் கடிதம் வந்தாத் திரும்பிப் போயிடும்." அப்படித்தான் மாமா என் வாசலுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. இங்கே முதலில் வர வேண்டியது நுல்லா ஓஸ்தா, அதாவது இந்த ஆளைக் கூப்பிட எங்களுக்குத் தடையில்லை என்கிற தாள். கணினியில் என் மனுவின் இலக்கத்தைப் போட்டால் எப்போதும் ஒரே வசனம் வரும், வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று. நேரே போய்க் கேட்டால் யன்னலுக்குப் பின்னால் இருப்பவர் "பத்சியென்சா" என்பார். பொறுமை என்று அர்த்தம், ஆனால் சொல்கிற தொனியில் நகரு என்று கேட்கும். ஓகஸ்டில் எல்லோரும் கடலுக்குப் போய்விடுவார்கள், செப்டம்பரில் வா என்றார்கள். செப்டம்பரில் போனால் என் மனுவைப் பார்க்கிற பெண் பிரசவ விடுமுறையில் என்றார்கள். அவர் திரும்பி வந்த பிறகும் என் மனு அசையவில்லை. ஒரு நாள் தன் குழந்தை நிற்கப் பழகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையை நான் வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை வயிற்றில் உருவாகி, பிறந்து, கதிரையைப் பிடித்து எழும்பி நிற்கும்வரை ஒரு தாள் ஒரே மேசையில் கிடக்கலாம் என்று சட்டம் இயற்றியவர்கள் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் மாமாவிடம் அப்படி வாக்குக் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்தக் காலத்தில் போன்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. நான் வெங்காயம் வெட்டும்போது அவள் அங்கே பாத்திரம் கழுவுவாள். இன்றைக்கு என்ன சமைக்கிறீங்கள் என்று கேட்பாள், பாஸ்தாவுக்கு மத்தி மீனும் பெருஞ்சீரகக் கீரையும் என்றால் மீனையும் இடியப்பத்தையும் பிரட்டுகிற மாதிரியோ என்பாள். "என்ன, மார்கழி மாப்பிள்ளை, இந்த முறையும் மார்கழிக்குத்தானோ?" என்று பகிடி பண்ணுவாள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. பகிடிக்குள் அவள் பட்டதைப் பிறகுதான் அறிந்தேன். ஊரில் ஒரு கல்யாணம் என்றால் மணமக்களுக்கு ஆலாத்தி எடுக்க அவளைக் கூப்பிட மாட்டார்கள், கழுத்தில் தாலி இல்லை. தோழியாகவும் நிறுத்த மாட்டார்கள், எழுத்து முடிந்தவள். மண்டபத்தில் ஒரு மூலைக் கதிரையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவாள். "ரெண்டு பக்கத்திலையும் எனக்கு வேலை இல்லை. சாப்பாடு மட்டும் உண்டு" என்றாள் ஒரு முறை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதைப் போனில் கவனிக்கத் தவறிவிட்டேன்.

மனு மேசையில் கிடக்கும்போதே, எழுத்துக்கு அடுத்த மார்கழி நெருங்க, ஒரு முடிவோடு சின்யோராவிடம் போனேன். நுல்லா ஓஸ்தா வராவிட்டாலும் பரவாயில்லை, தையில் தாலியைக் கட்டிவிட வேண்டும். ஒரு கிழமை கூடுதலாக லீவு வேண்டும், என் கல்யாணம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உன் கல்யாணமா? நீதான் கல்யாணம் முடித்தவனாயிற்றே? அந்தத் தாளை நானும் பார்த்தேனே." நான் கைப்பேசியில் எழுத்தன்று எடுத்த படத்தைக் காட்டி, இது வெறும் எழுத்து, இன்னும் கல்யாணம் நடக்கவில்லை, நாங்கள் சேர்ந்து இருந்ததில்லை என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளக்கினேன். "அப்படியென்றால் நீங்கள் ஃபிதன்சாத்தி" என்றார், அதாவது நிச்சயம் செய்தவர்கள். இல்லை, மனைவி என்றேன். "மனைவி என்றால் கல்யாணம் முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு விருந்துதானே?" என்று சிரித்து, பக்கத்து அறையில் இருந்த கணவரிடம் இதை ஒரு விசித்திரக் கதையாகச் சத்தமாகச் சொன்னார். ஒரு விருந்துக்காக ஜனவரியில் வீட்டைப் போட்டுவிட்டுப் போக முடியாது என்பது தீர்ப்பு. அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நீ எங்கள் வீட்டுப் பிள்ளை என்று எத்தனையோ தரம் சொன்னவர், அந்த வீட்டுப் பிள்ளையின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை கொடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே அந்த முறையும் மார்கழியில்தான் போய் இறங்கினேன். என் சட்டபூர்வமான மனைவியின் வீட்டில் எனக்கு விறாந்தையில் பாய் போட்டார்கள், பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் மாமா. நான் திரும்பிப் படுத்தால் அவர் இருமுவார். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுக் குசினிக் கதவடியில் போய் நின்றுகொள்வாள். மாமாவிடம் நேரே கேட்டேன். மார்கழியென்றாலும் பரவாயில்லை, கோயிலில் வைத்துச் சுருக்கமாகத் தாலியைக் கட்டிவிடுகிறேன், அம்மாவும் சம்மதம் என்றேன். "மார்கழியில ஆரும் தாலி கட்டுவினமே தம்பி? சனம் என்ன கதைக்கும்?" அப்படியென்றால் வேலை போனாலும் பரவாயில்லை, தைவரை நிற்கிறேன் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். "வேலை போனா விசாவும் போகுமெல்லே. அவசரப்படாதையும். விசா வரட்டும். வந்தாப் பிறகு ஒரு குறையும் இல்லாமல் செய்வம்." மகளின் கல்யாணத்தைக் குறையில்லாமல் செய்ய ஆசைப்படுகிற தகப்பன் என்றுதான் எண்ணினேன். அவர் மீது மரியாதை கூடியது. குசினிக் கதவடியில் நின்ற தர்சினி மட்டும் சட்டென்று உள்ளே போனாள். அந்த வீட்டில் தகப்பனை அறிந்தவள் அவள்தான், நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

நுல்லா ஓஸ்தா ஒரு வழியாக வந்தது. அன்றைக்குச் செல்வண்ணை என்னை ரொசாலியா அம்மாவின் மலைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் மெழுகுதிரி கொளுத்தினார். பலெர்மோவைக் காக்கும் கத்தோலிக்கப் புனிதர் அவர், எங்கள் சைவ ஆட்களும் நேர்த்தி வைத்து ஏறுவோம். இனி மிச்சம் கொழும்பில் விசாக் குத்துவது மட்டும் என்று எண்ணினோம். தர்சினி மாமாவோடு கொழும்புக்குப் போனாள். இத்தாலியத் தூதரக யன்னலில் கல்யாண அல்பத்தைக் கேட்டிருக்கிறார்கள். கேக் வெட்டிய படத்தைக் கொடுத்திருக்கிறாள். மொழிபெயர்க்க இருந்தவர் எங்கள் பழக்கவழக்கம் அறிந்தவர், அதுதான் வினையானது. "தாலி எங்கை?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற பெண் அவள். "தாலி இன்னும் கட்டேல்லை. விசா வந்தாப் பிறகுதான் கட்டுறது" என்று சொல்லியிருக்கிறாள். ஒன்றாக எவ்வளவு காலம் இருந்தீர்கள்? இருக்கவில்லை. அவர் வந்தால் எங்கே தங்குவார்? விறாந்தையில். அவர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கல்யாணம் உண்மையானதா என்று விசாரிக்க வேண்டும், அறிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மாமா தாலிக்கு விசா கேட்டார். அவர்கள் விசாவுக்குத் தாலி கேட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் மொண்டெல்லோவில் யாரோ ஒருவரின் பேரப்பிள்ளைகளுக்குக் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். விசாரணை என்றால் யாராவது வீட்டுக்கு வந்து கேட்பார்கள் என்று நினைத்தோம். ஒருவரும் வரவில்லை. போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் எடுத்தால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். இங்கே நுல்லா ஓஸ்தா தந்த யன்னலில் கேட்டால், எங்கள் வேலை முடிந்தது, அது அவர்களின் வேலை என்பார்கள். இடையில் ஒரு மார்கழிக்கு எனக்கு ஊர் போகவும் வாய்க்கவில்லை, சின்யோரா விழுந்து கால் முறிந்து அந்த முறை மிலானோவுக்குப் போகவில்லை. தர்சினியின் போன் நாள்தோறும் என்பதில் இருந்து கிழமைக்கு ஒன்றானது. பிறகு நான் எடுத்தால் மட்டும். சமையலைப் பற்றிக் கேட்பதை அவள் விட்டுவிட்டாள். மார்கழி மாப்பிள்ளை என்றும் கூப்பிடுவதில்லை. ஒரு மனிதன் தன் மனைவி தன்னை விட்டுப் போவதைப் போனின் சத்தத்தில் அறியலாம். நான் அறிந்தேன், ஆனால் நம்பவில்லை.

பிறகு ஒரு நாள் மாமாவே எடுத்தார். சுகம் விசாரித்தார், அங்கே குளிரோ என்று கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, குறை நினையாதையும். பிள்ளைக்கும் வயசு போகுது. விவாகரத்துக்குக் கோட்டில ஒரு வழக்குப் போட்டிருக்கிறம். உமக்கு ஒரு தாள் வரும். லோயர் சொன்னவர் அப்பிடித்தான் எழுத வேணுமாம், இல்லாட்டித் தீர்ப்புக் கிடைக்காதாம். நீர் ஒண்டும் கதைக்காமல் விட்டாக் காணும்." தாள் வந்தது. சீத்தோஃபோனோவில் பெயர் சரியாக இருந்தபடியால் தபால்காரர் ஒழுங்காகக் கொண்டுவந்து தந்தார். அதில் தர்சினி வழக்காளி, நான் எதிராளி. எதிராளியாகிய நான் வழக்காளியை வேண்டுமென்றே கைவிட்டு வெளிநாடு சென்றுவிட்டேனாம். அவரை என்னிடம் அழைத்துக்கொள்ள எந்த முயற்சியும் எடுக்கவில்லையாம். நான் படியிலேயே இருந்துவிட்டேன். கீழ்வீட்டு மூதாட்டி "சின்யோர் சிவபாதம், சுகமில்லையா?" என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

வாழ்க்கையில் எனக்குப் பலர் துரோகம் செய்திருக்கிறார்கள், வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் உட்பட. அவர்களெல்லாம் என்னிடம் இருந்ததைப் பறித்தார்கள். இந்தத் தாள் நான் செய்ததையே இல்லையென்று ஆக்கியது. சுவர் அளந்தவர், குழந்தை பெற்ற அந்தப் பெண், கொளுத்திய மெழுகுதிரி எல்லாவற்றையும் ஒரு வசனம் துடைத்துவிட்டது. செல்வண்ணை கொதித்தார். "போய் எதிர்த்து வழக்காடடா. எல்லாத் தாளையும் நான் எடுத்துத் தாறன்." எனக்கும் ஆத்திரம் அப்படித்தான் இருந்தது. ஆனால் வழக்குத் தவணை மார்கழியில் வரவில்லை. போனாலும் என்ன சொல்வது? என்னை வேண்டாம் என்கிறவளைக் கட்டிப்போட ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒன்றும் கதைக்காமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. நான் மனைவியைக் கைவிட்டவன் என்று நீதிமன்றம் எழுதிக்கொண்டது.

தீர்ப்பு வந்து சில வாரம் கழித்து, நான் மொண்டெல்லோ வீட்டுத் தோட்டக் குழாயடியில் பிள்ளைகளின் காலில் இருந்த கடல் மணலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது, தர்சினி தானாகவே போன் எடுத்தாள்.

"விசா குடுத்திட்டினமாம். பாஸ்போட்டைக் கொண்டு வரட்டாம்" என்றாள்.

"விசா வந்திட்டுதோ? வாரும்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

"இனி எப்பிடி வாறது? தீர்ப்பாச்செல்லே."

"அந்தத் தாளில எழுதியிருந்ததை வாசிச்சனீரோ?"

"ஓம். வாசிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டனான்."

"நான் ஒரு முயற்சியும் எடுக்கேல்லை எண்டோ?"

"நீங்கள் எடுத்த முயற்சி எல்லாம் எனக்குத் தெரியும். அதால எனக்கு என்ன வந்தது? ஊர்ச் சனம் என்னைப் பாத்த பார்வையை நீங்கள் போனில கண்டனீங்களோ?" என்றாள். நான் குழாயை மூடினேன். அப்பா கனடாவில் ஒருவரைப் பார்த்திருக்கிறார் என்றும், அவர் அந்த நாட்டுச் சிற்றிசன் என்றும், சட்டப்படி சில மாதத்தில் கூப்பிடலாமாம் என்றும் அவளே சொன்னாள். அந்த வசனத்தை நான் எங்கேயோ கேட்டிருந்தேன். எழுத்து எப்போது என்று கேட்டேன். என்ன கேள்வி அது, ஆனால் கேட்டேன்.

"இந்த முறை முதல்ல தாலியாம். மண்டபத்தில, பெரிய அல்பமும் எடுத்து, அதுக்குப் பிறகுதான் எழுத்தாம். அப்பா சொல்லிப்போட்டார்."

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. மார்கழியும் சனத்தின் வாயும் குறையில்லாத கல்யாணமும் எல்லாம் சாட்டு. விசா வராவிட்டால் பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாமா ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார். அந்த விறாந்தைப் பாயும் இருமலும் அதற்கான காவல். கடைசியில் கொழும்பு யன்னலில் தன் கணக்குப் பிழைத்ததைக் கண்டு, அடுத்த மாப்பிள்ளைக்குத் திருத்தி எழுதியிருக்கிறார். நான் அவர்களுக்கு ஒரு ஒத்திகை. "சந்தோசமாய் இரும்" என்று சொல்லிப் போனை வைத்தேன். சந்தோசமாக இருக்க வேண்டும் என்று நான் மனதார நினைத்தேனா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை.

திரும்பினால் சின்யோரா ஊன்றுகோலோடு வாசலில் நிற்கிறார். தமிழ் விளங்காவிட்டாலும் விசா என்ற சொல் அவருக்கும் விளங்கும். "வந்துவிட்டதா? கடைசியில்!" என்று என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார், கண்ணில் தண்ணீர். கல்யாணம் நடக்காமலே விவாகரத்து ஆகிவிட்டது என்று சொல்ல எனக்கு எந்த மொழியிலும் தெம்பில்லை. அடுத்த நாள் அவர் தன் தாயார் காலத்துத் துணிப்பெட்டியில் இருந்து பூவேலை செய்த இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை எடுத்து, நாடா கட்டித் தந்தார். "உன் மனைவிக்கு. கழுவும்போது வெந்நீர் வேண்டாம் என்று சொல்லு." எனக்கு ஒரு கிழமை தர மறுத்தவர் தந்த விரிப்பு, நாடா அவிழ்க்காமல் அலுமாரியில் இருக்கிறது.

இப்போது அம்மா எனக்கு மறுபடியும் பெண் பார்க்கிறார். "எழுத்து மட்டும்தானே, அதைச் சனம் கணக்கெடுக்காது. நீ கலியாணம் முடிக்காத பெடியன்தான்" என்கிறார். ஊரில் அது உண்மைதான். அம்மாவின் ஆசைக்காக, இங்கே என் பதிவைத் திருத்தலாமா என்று கேட்க நகரசபைக்குப் போனேன். யன்னலில் இருந்த பெண் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். தீர்ப்பின் மூலப் பிரதி வேண்டும், அது கொழும்பில் மொழிபெயர்க்கப்பட்டு முத்திரை குத்தப்பட்டு, அங்கிருந்து இங்கே அனுப்பப்பட வேண்டும், பிறகு இங்கே பரிசோதிப்பார்கள் என்றார். எவ்வளவு காலம் எடுக்கும் என்றேன். சட்டப்படி சில மாதம்தான் என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் காரணம் புரியாமல் தானும் சிரித்தார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு எதிரே கொனியுகாத்தோ, மணமானவர் என்று இருந்தது. "அதுவரைக்கும் எங்களுக்கு அவர் உங்கள் மனைவிதான்" என்றார், என்னைத் தேற்றுகிற மாதிரி.

என் மனைவியை உள்ளே விட அத்தனை காலம் எடுத்தவர்கள், அவளை வெளியே விடவும் அத்தனை காலம் எடுப்பார்கள். கிளிநொச்சியில் நான் கல்யாணமே முடிக்காதவன். கிளிநொச்சி நீதிமன்றத்தில் மனைவியைக் கைவிட்டவன். பலெர்மோவில் மனைவியின் வரவுக்காக வீடு எடுத்து வைத்திருக்கிற கணவன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது, அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று தட்டின் முன்னால் நின்று நகத்தை வைத்தேன். பசை இறுகிவிட்டது, அசையவில்லை. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் என் வீட்டுப் பொத்தானை நானே அமுக்கினேன். மூன்றாம் மாடியில், திறந்திருந்த யன்னல் வழியாக, எங்கள் இரண்டு பேருக்குமான ஒரே மணி அடிப்பது கேட்டது. யார் என்று கேட்பார்களா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டு நின்றேன்.